நிற்கும்போது வருகிற வலி

குன்னத்துகால்,
நவம்பர் 14.

என் பிரியமுள்ள மகள் ரெஜிலாவுக்கு அம்மா எழுதுகிறது. ஆண்டவருடைய இரக்கத்தால் இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், தொழுவத்தில் நிற்கிற ஒற்றைப் பசுவும் சுகம், அங்கே நியூசிலாந்தில் நீயும் நீ வேலை பார்க்கிற பண்ணையிலுள்ள நானூறு பசுக்களும் அதுபோலவே சுகமாயிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபத்தில் நினைக்கிறோம். போனில் முகத்தைப் பார்த்துப் பேசுகிற காலத்தில் அம்மா எதற்குத் தாளும் பேனாவும் எடுத்தாள் என்று நீ யோசிப்பாய். போனில் இதைத் தொடங்கினால் முதல் வரியிலேயே நீ அழுவாய், நீ அழுதால் நானும் அழுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போகும். தாளில் என்றால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது. அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மக்கா. எனக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்து ஏழு வாரம் ஆகப்போகிறது. பலாமரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு, காபி குடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். விடிய விடியப் பெய்த மழை இப்போதுதான் விட்டது, இலையில் தங்கின தண்ணீர் தாளில் சொட்டி இரண்டு எழுத்து கலங்கியிருக்கிறது, அதைப் பார்த்துக் கண்ணீர் என்று நினைத்துக்கொள்ளாதே. இனி மெதுவாக வாசி.

நீ விமானம் ஏறிப்போய் நாலைந்து மாதம் ஆன சமயத்தில் தொடங்கியது. பசுவைக் குளிப்பாட்டிக்கொண்டு நின்றபோது இடது பக்கம், தொப்புளுக்குக் கீழே நாலு விரல் தள்ளி, உள்ளேயிருந்து யாரோ ஒரு எலுமிச்சங்காயை வைத்துத் தள்ளுகிறதுபோல ஒரு வலி. கை வைத்தால் கட்டியாக இருக்கும்போலவும் இருக்கும், இல்லாததுபோலவும் இருக்கும். போய்ப் படுத்தால் குளத்தில் மேலே வந்த மீன் திரும்ப முங்குகிறதுபோல அது உள்ளே போய்விடும், பிறகு வலியும் இல்லை, வீக்கமும் இல்லை, கனவு கண்டு விழித்ததுபோல இருக்கும். உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார். “ஒண்ணும் இல்லியே பிள்ளே, வாயுவாக்கும்” என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, அன்றைக்கே பூண்டு உரித்துப் பாலில் வேகவைத்துத் தந்தவரும் அவர்தான். அப்புறம் ஒரு டாக்டர் வாயுவுக்கு மாத்திரை தந்தார். இன்னொருவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், குளிரில் ஒரு மேசையில் மல்லாந்து கிடந்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது என்று எழுதித் தந்தார்கள். மூன்றாவது பார்த்த டாக்டர் காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். ஒரே மகள், நியூசிலாந்தில் என்றேன். அவர் சிரித்துக்கொண்டு, “அம்மச்சி, பிள்ளை தூரத்துல இருக்கிற தாய்மாருக்கு இப்பிடி ஓரோ வலி வாறது உண்டு, மனசை வேற எதுலயாவது செலுத்துங்க” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது உதியன்குளங்கரை வரைக்கும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் கண்ணில் படவில்லை. அப்படியானால் இந்த வலிக்கு ரெஜிலா என்றா பெயர் என்று நினைத்தேன். நீ உழைக்கப் போனதை என் வயிறு பொறுக்காமல் வலிக்கிறதா என்று நினைத்து வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பிறகு யாரிடமும் வலியைப் பற்றிப் பேசுவதை நிறுத்தினேன், உன்னிடமும்தான். மத்தியானங்களில் கட்டிலில் கிடந்து ஓட்டில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டு, வலித்தது நிஜமா, நானே உண்டாக்கிக்கொள்கிறேனா என்று கேட்டுக்கேட்டுத் தூங்கிப்போவேன். இரண்டு வருஷம் இப்படிப் போனது. நீ போனில் கூப்பிடும்போதெல்லாம் நான் உட்கார்ந்தே பேசியதை நீ கவனித்திருக்க மாட்டாய்.

இந்த வருஷம் ஓணம் முடிந்த அடுத்த வாரம் பால் சொசைட்டியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையில் தூக்குப்பாத்திரம். திடீரென்று வலி பிடித்து இழுத்தது, கண் இருட்டியது, குடித்த கஞ்சி முழுக்க அங்கேயே சத்தி எடுத்தேன். யாரோ ஷைஜுவின் ஆட்டோவை நிறுத்தினார்கள், உன் அப்பாவும் ஓடிவந்தார், நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டிலில் கிடத்தின அரைமணி நேரத்தில் வலி வந்த சுவடு இல்லாமல் போய்விட்டது. எனக்கு அழுகைதான் வந்தது, இனி இவர்களும் சிரிப்பார்களே என்று. அப்போது சர்ஜரி பிரிவிலிருந்து ஆர்யா என்று ஒரு டாக்டர் வந்தாள். உன் வயதுதான் இருக்கும், அம்பூரிக்காரி, அப்பா ரப்பர் வெட்டுகிறவராம். அவள் காகிதத்தைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஒத்த விரல் வச்சுக் காட்டுங்க அம்மச்சி, எங்கயாக்கும் வலி?” என்று கேட்டாள். காட்டினேன். “வலி வாறது நிக்கும்பமா, கெடக்கும்பமா?” என்று கேட்டாள். ரெஜிலா, இரண்டு வருஷத்தில் உன் அப்பாவையும் சேர்த்து நாலு பேர் என்னைப் பார்த்துவிட்டார்கள், இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. நிற்கும்போது வரும், கிடந்தால் போய்விடும் மோளே என்றேன். அவள் அப்போதுதான் பழைய ஸ்கேன் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். “எல்லாம் கெடத்திப் போட்டு எடுத்தது. கள்ளன் போன பொறவு வீட்டைச் சோதிச்சா கள்ளன் எப்பிடிக் கிட்டுவான்?” என்றாள். எனக்கு அவள் கையைப் பிடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. நோய் இருக்கிறதோ இல்லையோ, நான் பொய்யல்ல என்று ஒருத்தி நினைத்தாளே.

அன்றைக்கே என்னை ஸ்கேன் அறைக்குக் கூட்டிப்போய் சுவரோரம் நிறுத்தினார்கள். இந்த வயதில் சேலையைத் தாழ்த்தி வயிற்றைக் காட்டிக்கொண்டு நிற்கிற கூச்சம் உனக்குத் தெரியாது. ஸ்கேன் பார்க்கிற டாக்டரும் ஆர்யாவும் திரையைப் பார்த்தபடி இருமச் சொன்னார்கள், நான் ஆலயத்தில் இருமுகிறதுபோல மெல்ல இருமினேன். முக்கச் சொன்னார்கள், வலிக்குப் பயந்து அதுவும் வரவில்லை. கட்டி வெளியே வரவே இல்லை. ஆர்யா சற்று யோசித்துவிட்டு, “அம்மச்சிக்கு என்ன வேலையாயிருந்தது?” என்றாள். அங்கன்வாடி, முப்பது வருஷம் என்றேன். “அப்பம் தொண்டை உண்டு. ரப்பர் பறம்புக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆளை விளிக்கிறதுபோல ஒண்ணு விளியுங்க பாப்போம்” என்றாள். நான் யோசிக்கவே இல்லை மக்கா. கண்ணை மூடினேன், மாலை நேரத்தில் ரப்பருக்குள்ளே உன்னைத் தேடி நான் போடுகிற அந்தப் பழைய சத்தம் தானாக வந்தது. “ஏ ரெஜிலோ... வா மக்கா!” என்று அறை அதிரக் கூவிவிட்டேன். திரையில் அது வந்துவிட்டது. “வந்நு, வந்நு” என்று ஸ்கேன் டாக்டர் கத்தினார். அதே நேரம் கதவைத் தள்ளிக்கொண்டு உன் அப்பா உள்ளே வந்து, “பிள்ளை வந்தாளா?” என்று கேட்டார். நான் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன், டாக்டர்மார் இரண்டுபேரும் சிரித்தார்கள், அவர் மட்டும் அறை முழுக்க உன்னைத் தேடிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அந்த நேரம் நீ பார்க்காமல் போனதே நல்லது.

அதற்குப் பெயர் ஸ்பைஜீலியன் ஹெர்னியா. குடலிறக்கம்தான், ஆனால் வழக்கமான இடத்தில் வருவதல்ல, வயிற்றுச் சதைக்குப் பக்கவாட்டில் வருவது. நூறு பேருக்குக் குடலிறக்கம் வந்தால் ஒருவருக்கோ இரண்டுபேருக்கோதான் இந்த வகையாம், அதிலும் வயது போன பெண்களுக்கு அதிகமாம். “ஹெர்னியா ஆணுங்களுக்கு வாற தீனமல்லவா டாக்டரே?” என்று உன் அப்பா கேட்டார். “எல்லாரும் அப்பிடி நினைக்கிறதுனாலதான் அம்மச்சிமாருக்கு வந்தா கண்டுபிடிக்க இவ்வளவு காலம்” என்றாள் ஆர்யா. பிறகு அவருக்குப் புரிகிறபடி சொன்னாள்: வயிற்றுக்குச் சட்டைமேல் சட்டையாக மூன்று சதை உண்டு, உள்சட்டைகள் கிழிந்திருக்கின்றன, மேல்சட்டை முழுசாக இருக்கிறது, அதனால்தான் வெளியே ஒன்றும் தெரியவில்லை. கிழிசல் பெருவிரல் நுழைகிற அளவுதான், அதுதான் பயம். வாய் சிறிதானதால் உள்ளே போன குடல் ஒருநாள் திரும்ப வரமுடியாமல் இறுகிவிடலாம், இறுகினால் ரத்த ஓட்டம் நின்று அழுகிப்போகும். தள்ளிப்போட வேண்டாம் என்று அக்டோபர் மூன்றாம் தேதி ஆபரேஷனுக்கு நாள் குறித்தாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சொன்னது நான்தான், அப்பாவைக் கோபிக்காதே. உனக்கு அது கன்று ஈனுகிற காலம். ஒரு நாளைக்குப் பதினைந்து கன்று பிறக்கிறது, உட்காரக்கூட நேரமில்லை என்று நீ சொல்லியிருந்தாய். சொன்னால் நீ அந்த வேலையை விட்டெறிந்துவிட்டு வந்திருப்பாய், எனக்குத் தெரியும்.

அந்த மூன்று வாரமும் உன் அப்பா அதிகாலையில் ரப்பர் வெட்டப் போகும்போது அந்த நோயின் பெயரைச் சொல்லிப் படித்தார். ஒரு மரத்துக்கு ஸ்பை, அடுத்த மரத்துக்கு ஜீ, அடுத்ததற்கு லியன். மூடுபனிக்குள்ளே ஆள் தெரியாது, நெற்றியில் கட்டின விளக்கும் அந்தச் சத்தமும் மட்டும் மரம் மரமாகத் தாண்டிப்போகும். நான் தொழுவத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். செப்டம்பர் கடைசி ஞாயிறு, குறித்த நாளுக்கு ஐந்து நாள் முன்னால், ஆலயம் போய்வந்து சோறு பரிமாறும்போது அது வெளியே வந்தது. படுத்தேன், போகவில்லை. காலை மடக்கிப் படுத்தேன், போகவில்லை. கல்லுமாதிரி நின்றது, பச்சையாகச் சத்தி வந்தது. ஷைஜுதான் அன்றைக்கும் வண்டி எடுத்தான். போகிற வழியெல்லாம் எனக்குப் பாதி நினைவு, ரோட்டோரத்து மரங்கள் தண்ணீருக்கடியில் நிற்கிறதுபோல அசைந்தன. காஷுவாலிட்டியில் அன்றைக்கு இருந்தது ஒரு புது டாக்டர். வாயுவாக இருக்கும், ஊசி போட்டுப் பார்ப்போம் என்றார். அவசரத்தில் ஸ்கேன் காகிதத்தை எடுக்காமல் வந்திருந்தோம். உன் அப்பா யாரிடமும் சத்தம் போட்டு நீயும் நானும் கண்டதில்லை, பஸ்ஸில் சில்லறை குறைந்தால்கூடக் கேட்க மாட்டார். அந்த மனுஷன் டாக்டருக்கு முன்னால் போய் நின்றார். “வாயு அல்ல சாரே, ஸ்பைஜீலியன் ஹெர்னியாவாக்கும். கெடந்தா உள்ள போற சாதனம், இப்பம் மூணு மணிக்கூரா போவல்ல. குடல் மாட்டியிருக்கு. ஆர்யா டாக்டரை விளியுங்க, நீங்க விளிக்கல்லேன்னா நான் நின்னு கூவுவேன்” என்றார். அந்தப் பெயரை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். அந்தப் பையன் டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு போனை எடுத்தார். கெட்ட பிள்ளையல்ல, பிறகு வார்டில் வந்து என்னைப் பார்த்து வருத்தம் சொல்லிவிட்டுப் போனார்.

ஆர்யா வந்து தொட்டுப் பார்த்த கையோடு என்னை ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோனார்கள், மயக்க மருந்து தரும்போது எண்ணச் சொன்னார்கள். ஒன்று, இரண்டு, மூன்று வரை ஞாபகம் உண்டு. அதற்குப் பிறகு நான் நம்முடைய ரப்பர் விளையில் நின்றேன். மரத்துக்கு மரம் சிரட்டை கட்டியிருக்கிறது, எல்லாவற்றிலும் பால் சொட்டுகிறது, அது ரப்பர் பால் அல்ல, சூடான கறவைப் பால், ஆவி பறக்கிறது. மரங்களுக்கு நடுவில் நீ போனில் காட்டின அந்தக் கறுப்பும் வெள்ளையுமான பசுக்கள் சத்தமே இல்லாமல் நடந்துபோகின்றன, எல்லாவற்றுக்கும் முன்னால் நீ, அந்தப் பெரிய ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. கூப்பிட்டால் திரும்புவாய் என்று தெரியும். ஆனாலும் கூப்பிடவில்லை, வேலை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது, கால் வலிக்கவே இல்லை, எங்கும் வலிக்கவில்லை. அப்போது வெளியே என்ன நடந்தது என்பதை உன் அப்பா பிறகு சொன்னார். வயிற்றில் மூன்று சின்னத் துளை போட்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு சாண் குடல் அந்தக் கிழிசலில் மாட்டி நீலமாகிக் கிடந்ததாம். கிழிசலை அகலப்படுத்தி அதை விடுவித்துவிட்டு, வெட்டி எடுக்கவேண்டுமா வேண்டாமா என்று தெரியாமல், வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் காத்திருந்தார்களாம். ஒரு சிஸ்டர் வெளியே வந்து அப்பாவிடம் காரியம் இப்படி என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பத்து நிமிஷமும் அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றதாக ஷைஜு சொன்னான். ஆறாவது ஏழாவது நிமிஷத்தில் குடலின் ஓரத்தில் சிவப்பு ஏறத் தொடங்கி, விடிகிறதுபோல மெல்லப் பரவி, கடைசியில் அது தானாக அசைந்ததாம். வெட்ட வேண்டியிருக்கவில்லை. கிழிசலைத் தைத்து, மேலே ஒரு வலை வைத்து மூடிவிட்டார்கள். நான் கண் திறந்தபோது முதலில் வந்தது ஒரு வாடை, புளித்த ரப்பர் பால் வாடை. அது உன் அப்பாவின் கை. எந்த சோப்பு போட்டாலும் போகாத அந்த வாடையை நான் நாற்பது வருஷம் குறை சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு திரும்பவும் தூங்கினேன்.

மூன்றாம் நாள் அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, “நான் கெடக்க வச்சுத்தான் பாத்தேன் பிள்ளே. ஒருக்க எழும்பி நில்லுன்னு சொல்லத் தோணல்ல எனக்கு” என்றார். பிறகு ஆரஞ்சின் நாரை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருந்தார். அவர் தந்த சுளையை வாங்கித் தின்றேன். ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நீ போன் செய்தால் அம்மா குளிக்கிறாள் என்று சொன்னார், நாலாம் நாள் நீ, அம்மா என்ன மீனா, எப்போதும் தண்ணீரில் இருக்கிறாளே என்று கேட்டாயாம். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், போனை வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டார். இப்போது மூன்று மாதத்துக்கு நான் பாரம் தூக்கக்கூடாது, இருமல் வந்தால் வயிற்றில் தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டுதான் இருமவேண்டும். பசுவைக் கறப்பது அவர்தான். இரண்டு தடவை உதைபட்டார், நீ முன்னே ஒருதடவை போனில் சொல்லிக்கொடுத்தபடி மடியைத் தடவிவிட்டு உட்காரச் சொன்னேன், இப்போது சரியாகிவிட்டது, பால்தான் கால் லிட்டர் குறைகிறது. தையல் இருந்த மூன்று இடமும் மூன்று பாசிப்பயறு அளவு வடுதான். அவ்வளவு சின்ன வாசல் வழியாகப் போயா அவ்வளவு பெரிய வேலை பார்த்தார்கள் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

இந்த வடுவைப் பார்க்கத்தான் போன வாரம் விலாசினி வந்தாள், நம்முடைய தெற்கு வீட்டுக் கிருஷ்ணன்குட்டியின் மனைவி. பழம் கொண்டுவந்தவள் வடுவைப் பார்த்தாள், தொட்டும் பார்த்தாள், பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றாள். தொடை மடிப்பில் அவளுக்கு ஒரு கட்டி, நெல்லிக்காய் அளவு, எட்டு வருஷமாக. “ஆருட்டயும் சொல்லல்ல சேச்சி, அவருக்குக்கூடத் தெரியாது, இதையெல்லாம் எப்பிடிச் சொல்ல” என்று சொல்லி அழுதாள். எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் இப்படி அமுக்கிக்கொண்டு நடக்கிறார்களோ. நான் ஆர்யாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன், இன்றைக்குக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறாள். ஒன்பதரை பஸ்ஸுக்குப் போகவேண்டும். இதோ கேட் திறக்கிற சத்தம், விலாசினி பச்சைக் கரைச் சேலை உடுத்தி, குடையும் பிடித்து வந்து நிற்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. “நாளைக்குப் போனா போராதா சேச்சி?” என்று கேட்கிறாள். போராது என்று சொல்லிவிட்டேன், செருப்பைப் போட்டுக்கொண்டேதான் இந்த வரியை எழுதுகிறேன்.

நீ அழ வேண்டியதை அழுதுவிட்டு, முகம் கழுவிவிட்டு, அப்புறம் போன் செய். என்னைத் திட்டவேண்டியதைத் திட்டலாம், கேட்டுக்கொள்கிறேன். கன்றுக்குட்டியைத் தனியாகத் தூக்காதே, இன்னொரு ஆளைக் கூப்பிடு. உடம்பில் எங்கே வலித்தாலும் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எழுதிவை, சொன்னதை நம்பாத டாக்டரை விட்டு அடுத்த டாக்டரிடம் போ. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார்.

என்றும் உன் அம்மா,
ரெ. சத்தியபாய்